ஐந்தருவியில் ஒரு பிராக்டிகல்

1. ஐந்துக்கு ஐந்து

"பேனாவைக் கீழ வைங்கம்மா."

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இதைச் சொன்னபோது நான் ஐந்தாவது பிளஸ்ஸைப் போட்டு முடித்திருந்தேன். சிறப்பாசிரியர் டிப்ளமோவின் கடைசி பிராக்டிகல் அது. தென்காசியில் எங்கள் பயிற்சி மையத்தின் ஒரு சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மாணவி இசக்கி, சுவரோரம் நாற்காலி போட்டு எக்ஸ்டர்னல். மேசையில் ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிய நான்கு கார்டுகள். "பெண்கள் எடு" என்று நான் சொல்வேன். இசக்கி ஒவ்வொரு கார்டின் மேலும் விரலை நிதானமாக ஓட்டி, சரியான கார்டில் நிறுத்தி, எடுத்துத் தருவாள். நான் டேட்டா ஷீட்டில் பிளஸ் போடுவேன். கார்டுகளை ஐந்து முறை இடம் மாற்றி வைத்தேன். ஐந்து முறையும் சரியாக எடுத்தாள். எனக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு கையையும் மடியில வச்சுக்கங்க. இப்ப மறுபடி சொல்லுங்க."

"பெண்கள் எடு" என்றேன். இசக்கியின் விரல் முதல் கார்டுக்குப் போனது. இரண்டாவதுக்குப் போனது, மூன்றாவது, நான்காவது என்று நிற்காமல் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. என் முகத்தைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். என் வலது கையை மடியிலிருந்து இழுத்து, விரல்களுக்கு நடுவே பேனாவைச் சொருகி, கையை டேட்டா ஷீட்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, இனி ஆரம்பிக்கலாம் என்பதுபோல் முதல் கார்டின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா? அவ விரல் சரியான கார்டுக்கு மேல வரும்போது உங்க பேனா பேப்பருக்கு இறங்குது. பிளஸ் போட நீங்க ரெடியாகுறீங்க. அவ அதைத்தான் பாக்குறா. அவளுக்கு கார்டே வேண்டாம், உங்க கை போதும்."

பிராம்ப்ட் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பிள்ளை ஒன்றைச் செய்யக் கற்கும்போது நாம் கொடுக்கும் ஒத்தாசைக்கு அதுதான் பெயர். கையைப் பிடித்துச் செய்ய வைப்போம், பிறகு சுட்டிக்காட்டுவோம், பிறகு வாயால் சொல்வோம், கடைசியில் சும்மா இருப்போம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எப்படி என்று இரண்டு வருடம் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அப்படிப்பட்ட நானே நான்கு மாதமாகத் தெரியாமல் ஒத்தாசை செய்துகொண்டு, பிள்ளை படித்துவிட்டாள் என்று ஷீட் ஷீட்டாக பிளஸ் போட்டிருக்கிறேன். பதிவை உடனுக்குடன் எழுதுகிறவள் என்று வகுப்பில் எனக்குப் பெயர் வேறு. பதிவே எழுதாத ஒரு சோம்பேறி இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

பிராக்டிகலில் ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மதுரையிலிருந்து வந்திருந்தார். பஸ்ஸில் என் ஊர் வீரகேரளம்புதூர் வரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டினேன். இறங்கும்போது திட்ட ஒன்றும் மிச்சமில்லை, அவர் சொன்னது மட்டும் அப்படியே இருந்தது.

2. முப்பத்தெட்டு வயதில் ஹால் டிக்கெட்

இந்த வயதில் எதற்குப் பரீட்சை என்று கேட்பவர்களுக்கு: நான் அதற்கு முன்னால் ஏழு வருடம் ஒரு பகல்நேர மையத்தில் கேர் டேக்கராக இருந்தேன். மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குச் சோறூட்டுவது, உடை மாற்றுவது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது எல்லாம் என் வேலை. டீச்சர் லீவு என்றால் வகுப்பும் என் தலையில் விழும். ஆனால் ஒரு பிள்ளையின் ஐ.இ.பி.யில், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று தனியாகப் போடும் பாடத்திட்டத்தில், கையெழுத்துப் போட எனக்கு உரிமை கிடையாது. அதற்கு டிப்ளமோ வேண்டும். டிப்ளமோ கையில் வந்தபின் டெல்லியில் இருக்கும் கவுன்சிலில் பதிவு செய்து ஒரு நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பர் இல்லாமல் யாரும் சிறப்பாசிரியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வருகிற டீச்சர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டுத்தான் பிள்ளைகளைப் புரிந்துகொள்வார்கள், கையெழுத்தை மட்டும் அவர்கள் போடுவார்கள். ஒருநாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்துவிட்டேன். என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். முதல் நாள் என்னை லெக்சரர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நானும் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

3. ஏன் அந்த ஒரு சொல்

கேஸ் ஸ்டடிக்கு நான் எடுத்துக்கொண்ட பிள்ளை இசக்கி. பதிமூன்று வயது. சொல்வது ஓரளவு புரியும், பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். அவள் அம்மா வேலம்மாள் ஐந்தருவியில் சீசன் கடை போடுகிறவள். சோப்பு, ஷாம்பு பாக்கெட், துண்டு, குளிக்க வருகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வரும் ஜட்டி எல்லாம் அவள் கடையில் கிடைக்கும். இசக்கியின் அப்பா கேரளா லோடு ஏற்றும் லாரியில் போய்விட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் கடைக்குப் போனால் இசக்கியும் கூடத்தான் போக வேண்டும்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். இசக்கி அவசரத்துக்குத் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். போனவள் ஆண்கள் பக்கம் நுழைந்துவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் கத்த, வெளியே இருந்தவர்கள் சிரிக்க, யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்க்க, வேலம்மாள் கடையைப் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்துவந்து, எல்லார் முன்னாலும் அடித்திருக்கிறாள். சொல்லும்போதே அழுதாள்.

"ஒத்தையில நான் என்ன செய்வேன் டீச்சர்? கடைய விட்டுட்டு இவ பின்னால போனா சோறு போச்சி. போவாட்டா மானம் போச்சி. இவளும் பெரியவளாயிட்டா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதி இருக்காம், ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன். சாரல் விழதுக்குள்ள இவ தானா போய்ட்டு வரக் கத்துக்கிட்டான்னா எங்கூட இருக்கட்டும். இல்லன்னா கொண்டு விட்டுருதேன்."

விடுதிகளை நான் குறை சொல்ல வரவில்லை. வழியில்லாதவர்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் இசக்கி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. ஒரு போர்டைப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவளை வீட்டை விட்டு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அவளுடைய ஐ.இ.பி.யில் முதல் இலக்காக இதை எழுதினேன்: பொது இடத்தில் 'பெண்கள்' என்ற போர்டைப் படித்துத் தானாகப் போய் வருவாள். படத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஐந்தருவிப் போர்டில் படம் சாரலில் உரிந்து போய் எழுத்து மட்டும்தான் மிச்சம்.

ஃபெயிலான மறுநாள் வேலம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். மறைத்திருக்கலாம், பரீட்சை எனக்குத்தானே. ஆனால் அவள் என் டேட்டா ஷீட்டை நம்பிக்கொண்டிருந்தாள்.

"வேலம்மா, இசக்கி இன்னும் படிக்கல. இத்தன நாளும் எங்கையப் பாத்துத்தான் எடுத்திருக்கா."

"அப்பம் எம்மவ கெட்டிக்காரிதான?"

"அவ கெட்டிக்காரிதான். நான்தான் கோட்டிக்காரி."

"சரி, அழாதிய. ரெண்டு மாசம் கெடக்கு. ஃபாரத்துல இன்னும் ஒண்ணும் எழுதல."

மறு பிராக்டிகல் ஜூன் முதல் வாரம் என்று மையத்தில் சொன்னார்கள். சாரலும் கிட்டத்தட்ட அப்போதுதான் இறங்கும். இரண்டுக்கும் ஒரே கெடு.

4. கழிப்பறை போர்டை ஏன் படம் எடுத்தீர்கள்

புதிதாக ஆரம்பித்தேன். முதலில் என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இசக்கி என் கண்ணைப் பார்த்தாள். சரியான கார்டுக்கு என் கண் முந்திக்கொண்டு போகிறது போலிருக்கிறது. கண்ணைப் பாதி மூடி, அசைக்காமல் வைத்துக்கொண்டேன். அவள் குனிந்து என் கால் விரலைப் பார்த்தாள்! செருப்புக்குள் என் பெருவிரல் என்ன செய்ததோ, அதிலும் மூன்றுமுறை சரியாக எடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு கவனிக்கிற பிள்ளையைக் கற்க முடியாதவள் என்று இத்தனை வருடம் சான்றிதழில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒத்தாசை என் உடம்பில் எங்கே இருந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே அதை எழுத்துக்கே மாற்றினேன். 'பெண்கள்' என்பதில் முதலில் வரும் கொம்பைத் தடித்த சிவப்பில் எழுதினேன், மற்ற எழுத்தெல்லாம் கறுப்பு. "கொம்பு இருந்தா நம்ம பக்கம்" என்று சொல்லிக்கொடுத்தேன். 'நம்ம' அவளுக்கு வாயில் வரும் ஏழெட்டு வார்த்தைகளில் ஒன்று. வாரா வாரம் அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். செங்கல் நிறம், காவி, பழுப்பு, கடைசியில் மற்ற எழுத்தைப் போலவே கறுப்பு. நான் அறையின் மறுமூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவள் கார்டைக் கொண்டுவந்து என் தோளில் தட்டுவாள். அவள் திரும்பிப் போனபிறகுதான் பதிவை எழுதுவேன்.

ஆனால் என் கையெழுத்தைப் படிப்பது வேறு, ஊரிலுள்ள போர்டைப் படிப்பது வேறு. ஒரு போர்டில் எழுத்து குண்டாக இருக்கும், ஒன்றில் சாய்வாக, ஒன்றில் பெயின்ட் வழிந்து. அதனால் ஒரு சனிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு தென்காசி முழுக்கக் கழிப்பறை போர்டுகளைப் படம் எடுக்கக் கிளம்பினேன். கோயில் பக்கம் இரண்டு, ஆஸ்பத்திரியில் மூன்று, பிறகு பஸ் ஸ்டாண்ட். அங்கே பெண்கள் பக்கத்தை எடுத்து முடித்து, ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமே என்று ஆண்கள் பக்கத்தையும் எடுத்தபோது கூட்டும் அம்மா விளக்குமாற்றுடன் வந்துவிட்டார்.

"ஏட்டி, ஆம்பளைய கக்கூச என்னத்துக்குப் போட்டோ எடுக்க? பாத்தா படிச்சவ மாரி இருக்க!"

ஆள் கூடிவிட்டது. ஒரு பெண் போலீஸ் வந்து போனைக் கேட்டார். திறந்து பார்த்தால் ஏழு கழிப்பறை போர்டுகள் வரிசையாக. அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! என் வீட்டுக்காரர் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போலீஸ்காரர்தான். அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்க எனக்குப் பிடிக்கவில்லை. லெசன் பிளான் ஃபைலைத் திறந்து காட்டி, இசக்கி கதையைச் சொன்னேன். போன சீசனில் நடந்ததைச் சொன்னபோது கூட்டும் அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார்.

பெண் போலீஸ் போனைத் திருப்பித் தந்தார். "எங்க ஸ்டேஷன்லயும் ஒரு போர்டு இருக்கு டீச்சர். எழுத்து கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். வாங்க, அதையும் எடுத்துக்கிடுங்க."

அதுவரை யாரும் என்னை வெளியிடத்தில் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கோணல் போர்டுதான் என் கலெக்‌ஷனிலேயே உருப்படியானது.

5. வாயை மூடுங்கள் அண்ணாச்சி

மே மாதம் ஐந்தருவிக்கே போய்விட்டோம். சீசன் இல்லாத ஐந்தருவியைப் பார்த்திருக்கிறீர்களா? பாறை காய்ந்து கிடக்கும், கடைகள் தார்ப்பாய்க்குள் கிடக்கும், குரங்குகள்தான் ராஜ்ஜியம். முதல் நாளே ஒரு குரங்கு என் பையிலிருந்து லேமினேட் பண்ணிய 'பெண்கள்' கார்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. இசக்கி அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். கார்டு போனது போனதுதான்.

அங்கே கழிப்பறைக்கு இரண்டு வாசல்கள். நடுவில் மேசை போட்டு ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ரொம்ப நல்லவர், அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. இசக்கி இரண்டு போர்டையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். படிக்க அவளுக்கு நேரம் வேண்டும், அரை நிமிடம்கூட ஆகும். அதற்குள் அண்ணாச்சிக்கு மனசு கேட்காது. "அங்கன போ தாயி, அங்கன" என்று கையை நீட்டிவிடுவார். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் இசக்கி போர்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அண்ணாச்சி கையைப் பார்த்தாள்.

நான் மறைந்திருந்த மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தேன். "அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவ நிக்கும்போது வாய மூடிக்கிட்டு, கைய மடக்கிக்கிட்டு இருங்க."

"நல்லா இருக்கே கத! புள்ள தெரியாம முழிக்கி, நான் பாத்துட்டு சும்மா இருக்கணுமாக்கும்? நீங்கள்லாம் டீச்சரா?"

"நீங்க ஒருநா லீவு போட்டா அவ யார் கையப் பாப்பா?"

அண்ணாச்சி ஒரு மாதிரி முறைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் விட்டுக்கொண்டார். நான் மறுபடி மறைந்துகொண்டேன். அன்றைக்கு இசக்கி முழுதாக ஒரு நிமிடம் நின்றாள். அண்ணாச்சியைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், நான் எங்கும் இல்லை. கடைசியில் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று நிமிர்ந்து, முதல் எழுத்தை விரலால் காற்றில் வரைந்தாள். பெண்கள் பக்கம் போனாள். மரத்துக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி துண்டு கட்டிய வாயோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதன்பிறகு மூன்று வாரம் தினமும் போனோம். தப்பும் நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் அவசரத்தில் ஆண்கள் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தானே திரும்பி வந்தாள். அதற்கு நான் மைனஸ் போட்டேன், ஆனால் மனதுக்குள் அதைத்தான் பெரிய பிளஸ்ஸாக நினைத்தேன்.

6. இரண்டாம் முறை

ஜூனில் அதே எக்ஸ்டர்னல் வந்தார். நான் அறைக்குள் மேசையே போடவில்லை. வராண்டாவின் கோடியில் இருக்கும் இரண்டு அறைக் கதவுகளைக் காட்டினேன்.

"மேடம், போர்டை நீங்களே எழுதுங்க. எந்தக் கதவுல ஒட்டணும்னாலும் ஒட்டுங்க. நான் மாடிக்குப் போறேன்."

"நீங்க இல்லாம எப்படிம்மா பிராக்டிகல்?"

"நான் இல்லாமச் செய்யணும்கிறதுதான் மேடம் லெசன்."

அவர் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். நான் மாடிக்குப் போய், கீழே பார்க்கக் கூடாது என்று கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். இடி விழுந்தால்கூடத் திரும்புவதில்லை என்று முடிவு. கீழே காலடி கேட்டது, கதவு திறந்தது, மறுபடி காலடி. ஏழெட்டு தடவை கேட்டிருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு வருடம்.

"இறங்கி வாங்க" என்றார். இறங்கினேன். எட்டு தடவை போர்டை மாற்றி ஒட்டியிருக்கிறார், இரண்டு தடவை வேண்டுமென்றே கோணலாக எழுதியிருக்கிறார். எட்டும் சரி. ஒன்பதாவது தடவை இரண்டு கதவிலும் 'ஆண்கள்' என்று ஒட்டிவிட்டாராம்.

"இசக்கி என்ன செஞ்சா மேடம்?"

"ரெண்டையும் பாத்தா. என்கிட்ட வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, ஒரு பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டா." இப்போது சிரித்தார். "நான் நிறைய ஊர்ல பிராக்டிகல் பாத்திருக்கேன். போர்டு தப்புன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை இவதான்."

பாஸ். நல்ல மார்க். அந்த மார்க்கை இங்கே எழுதினால் பெருமை அடிக்கிறேன் என்பீர்கள். அடிக்கத்தான் ஆசை, இருந்தாலும் வேண்டாம்.

வேலம்மாளிடம் போய்க் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. "சந்தோசம் டீச்சர். ஒங்க பரீச்ச முடிஞ்சிட்டு. எம் பரீச்ச இருக்குல்லா? கூட்டத்துல, ஈரத்துல, சத்தத்துல இவ போவாளா? அதப் பாத்துட்டுத்தான் ஃபாரத்தப் பத்திச் சொல்லுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. ஐ.இ.பி.யில் நான் எழுதியதும் பொது இடம் என்றுதான், வராண்டா என்று இல்லை. அந்த இலக்குக்கு நேரே 'அடைந்தாள்' என்று எழுதும் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

7. சாரல்

ஜூலையில் ஒரு ஞாயிறு. ஐந்து கிளையிலும் தண்ணீர் இரைந்து விழுகிறது. சாரல் காற்றோடு கடைத்தெரு வரை வருகிறது. தமிழும் மலையாளமுமாகக் கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது. நான் சிப்ஸ் கடையின் தட்டிக்குப் பின்னால் நின்றேன், இசக்கி கண்ணில் படாத இடமாகப் பார்த்து.

இசக்கி அம்மாவின் சேலையை இழுத்தாள். வேலம்மாளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சோப்புக்கும் துண்டுக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு நொடி நான் நிற்கும் தட்டியைப் பார்த்தாள். நான் அசையவில்லை. "போய்ட்டு வா" என்றாள்.

இசக்கி கூட்டத்துக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போனேன். கழிப்பறை முன்னால் ஆணும் பெண்ணுமாக ஒரே நெரிசல். வரிசை என்று ஒன்று இருந்தால்தானே ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. இசக்கி வருவதைப் பார்த்ததும் அண்ணாச்சி அவசர அவசரமாகத் துண்டை வாயில் கட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மலையாளத்து அம்மா, சொட்டச் சொட்ட நனைந்த சுரிதாருடன், இடுப்பில் ஒரு குழந்தையோடு மேசை முன்னால் வந்து நின்றார். இரண்டு போர்டையும் பார்த்தார். தமிழ் எழுத்து தெரியவில்லை. "சேட்டா, லேடீஸ் ஏதா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி இசக்கியைப் பார்க்கிறார், அந்த அம்மாவைப் பார்க்கிறார், கண் இரண்டும் பிதுங்குகிறது, வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிய அழகைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த அம்மா பொறுமையிழந்து ஆண்கள் பக்கம் திரும்பி நடந்தார்.

இசக்கி அப்போது போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். அந்த அம்மாவின் ஈரக் கையை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் பதறிக் கையை உதறினார். இசக்கி விடவில்லை. 'பெண்கள்' போர்டின் கீழே கொண்டுபோய் நிறுத்தி, நுனிக்காலில் எம்பி முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம" என்றாள்.

இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள். அண்ணாச்சி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரலைத் துடைத்தாரா வேறு எதையாவதா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அந்த அம்மா இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தார். கேரளக் கூட்டத்துக்கு விற்று விற்று வேலம்மாளுக்கு மலையாளம் புரியும். "ஈ மோளாணு எனிக்கு வாயிச்சு தந்நது. எனிக்கு தமிழ் அறியில்ல" என்றார் அந்த அம்மா. இந்த மகள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள், எனக்குத் தமிழ் தெரியாது என்று.

வேலம்மாள் கையில் இருந்த துண்டுக்கட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாங்க நின்றவர்கள் நிற்கட்டும் என்று இசக்கியை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பதிமூன்று வயதுப் பிள்ளை, மடி கொள்ளவில்லை. பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து அந்த விடுதி ஃபாரத்தை எடுத்தாள். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கடைப் பலகையின் காலுக்கு அண்டை கொடுத்தாள். பலகை நின்றது.

கவுன்சில் நம்பர் அதற்கடுத்த மாதம் வந்தது. இப்போது என்னிடம் டிரெயினிங் வரும் பெண்களுக்கு நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிள்ளை உங்கள் முன்னால் செய்ததை நம்பி ஷீட்டை முடிக்காதீர்கள். அது எந்த இடத்தில் செய்ய வேண்டுமோ அந்த இடத்தில், நீங்கள் இல்லாதபோது செய்ததா என்று பாருங்கள். அதுவரை கட்டம் வெறுமையாக இருக்கட்டும். வெட்கப்பட வேண்டாம். எனக்கு ஏழெட்டு மாதம் வெறுமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கடைப் பலகை மேல் ஐ.இ.பி. ஃபைலைப் பிரித்தேன். சாரலில் பேப்பர் நனையாமல் வேலம்மாள் விற்கிற துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். இசக்கியின் முதல் இலக்குக்கு நேரே, அந்தச் சின்னக் கட்டத்துக்குள், 'அடைந்தாள்' என்று பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தேன்.

வேலம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கட்டத்தத் தாண்டுனா தாண்டட்டும். பெருசா எழுதுங்க டீச்சர்."